பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கம்பியில்லா விசைப்பலகையும் மவுஸும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது இந்தப் பத்திர எழுத்தர் அலுவலகம். அங்குள்ள கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இடமும் ஆட்களும் தெரியாதபடி சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அங்கே மூன்று கணினிகள் உண்டு. ஒன்றில், தட்டச்சில் முதுநிலை தேறிய ஓர் அம்மாள் பழைய தமிழ்த் தட்டச்சு முறையிலேயே இன்றும் அடிக்கிறார். இன்னொன்றில் தமிழ்99 முறையில் அடிக்கும் இளைஞர். மூன்றாவது உரிமையாளரின் மேசையில் இருக்கிறது. கட்சிக்காரர்கள் வந்து உட்காருவது அங்கேதான். 2018இல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்ற இணையவழிப் பதிவு முறைக்கு மாறிய பிறகு, வாங்குபவர், விற்பவர், சர்வே எண், நான்கெல்லை, பரப்பு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். கட்சிக்காரர் எதிரில் இருக்கும்போதே திரையை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாகக் காட்டித் திருத்துவது உரிமையாளரின் வழக்கம். அப்படித் திருப்பும்போதெல்லாம் விசைப்பலகையின் வயர் முத்திரைத்தாள் கட்டுகளை இழுத்துக்கொண்டு வரும். ஒருமுறை தேநீர் டம்ளரையும் சேர்த்து இழுத்தது. அதன் பிறகுதான் கம்பியில்லாத் தொகுப்பு வாங்கலாம் என்ற பேச்சு வந்தது.

2019இல் உரிமையாளர் மேசைக்கு ஒரு தொகுப்பு வாங்கினார்கள். அது பிடித்துப் போகவே, சில மாதங்களில் இளைஞருக்கும் வேறொரு நிறுவனத்தின் விலை குறைந்த தொகுப்பு வந்தது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. அவற்றின் அலையை வாங்கிக்கொள்ள, கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் ரிசீவர் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் சேர்த்து ஒன்றே. அம்மாள் மட்டும் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செல் போடுவதற்கு விசைப்பலகை என்ன டார்ச் லைட்டா என்று கேட்டார். அவருடைய வயருள்ள விசைப்பலகை அப்படியே இருந்ததால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வசதியாயிற்று.

முதல் ஆண்டு

சொல்லும்படியான குறை ஒன்றே ஒன்று. உரிமையாளர் மேசையில் கண்ணாடி போட்டிருந்தது. அதன் மேல் மவுஸின் அம்பு தாறுமாறாகக் குதித்தது. ஒளி மவுஸ் தன் அடியிலுள்ள பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, படத்துக்குப் படம் நேர்ந்த நகர்வைக் கணக்கிடுகிறது. வழவழப்பான கண்ணாடியில் அது பற்றிக்கொள்ள எந்தச் சொரசொரப்பும் இல்லை. தீர்ந்துபோன தினசரி காலண்டரின் அட்டையைக் கவிழ்த்துப் போட்டார் உரிமையாளர். இன்றும் அந்த மேசையில் மவுஸ் ஓடுவது காலண்டர் அட்டையில்தான்.

ஊரடங்கும் கசிந்த செல்லும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அலுவலகத்தைப் பூட்டினார்கள். செல்களைக் கழற்றி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. திறந்தபோது முதல் தொகுப்பின் விசைப்பலகை உயிரற்றுக் கிடந்தது. பெட்டியோடு வந்த அல்கலைன் செல்கள் இரண்டில் ஒன்று கசிந்திருந்தது. சுருள்கம்பியின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, அடியில் பச்சை படிந்திருந்தது.

அல்கலைன் செல்லின் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். செல் வற்ற வற்ற உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்கிறது. அந்த அழுத்தத்தில் மூடியின் அடைப்பு விட்டுக்கொடுக்க, காரம் வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் அது பொட்டாசியம் கார்பனேட்டாகி வெண்பொடியாக உறைகிறது. பூட்டிய அறையின் சித்திரை வெயில் இதை இன்னும் துரிதமாக்கியிருக்கும்.

காரத்தை அமிலம் முறிக்கும் என்பதால் வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனையைத் துடைத்தேன். நுரை அடங்கியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மறுபடியும் துடைத்து, காயவிட்டு, கம்பியின் நுனியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். விசைப்பலகை உயிர் பெற்றது. கையுறை போடுவது நல்லது. தோலில் பட்டால் எரியும்.

அதன் பிறகு செல்லை மாற்றுவது என்று முடிவாயிற்று. தெருமுனைக் கடையில் கிடைக்கும் மலிவான பென்சில் செல் கடிகாரத்துக்குப் போதும், தொகுப்புக்கு வேண்டாம் என்றேன். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் வாங்கினார்கள். இவற்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. இந்த வேறுபாட்டால், செல்லில் பாதி மின்சாரம் மிச்சமிருக்கும்போதே விசைப்பலகையின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். விளக்குச் சிமிட்டியவுடன் கழற்ற வேண்டாம், எழுத்து தடுமாறினால் கழற்றுங்கள் என்று சொல்லி வைத்தேன். இந்த அறிவுரையே பிற்பாடு எங்களைத் திசைதிருப்பியது.

விழாத எழுத்தும் விடாத எழுத்தும்

2022இன் தொடக்கத்தில் உரிமையாளர் மேசையில் எழுத்து தடுமாறத் தொடங்கியது. நான் சொல்லி வைத்திருந்தபடியே செல்லைக் கழற்றிப் புதியது போட்டார்கள். தடுமாற்றம் போகவில்லை.

குறை இரண்டு விதமாக இருந்தது. சில வேளை, அழுத்திய விசைக்கு எழுத்து விழவில்லை. சில வேளை, ஒருமுறை அழுத்திய எழுத்து நான்கைந்து முறை தொடர்ந்து விழுந்தது. மவுஸின் அம்பு நின்று நின்று நகர்ந்தது. இதெல்லாம் எரிச்சல் என்ற அளவோடு போயிருக்கும், அந்தக் கிரயப் பத்திரம் வந்திராவிட்டால்.

118/3 என்று இருக்க வேண்டிய சர்வே எண் வரைவில் 18/3 என்று பதிவாகியிருந்தது. விற்பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாய்ப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிப் படித்ததால் பதிவுக்கு முன்பே பிடிபட்டது. பதிவாகியிருந்தால் இருதரப்பையும் மறுபடி அழைத்துப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதுவரை 118/3க்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவருக்கு இந்த விற்பனை தென்படாமலும் போகலாம். அதே வாரத்தில் இன்னொரு வரைவில் ஒரு கதவு எண்ணின் முன்னால் ஒன்று என்ற இலக்கம் கூடுதலாக விழுந்திருந்தது. உரிமையாளர் பதறிப்போய், அன்றே தொகுப்பைத் தூக்கி எறியச் சொன்னார். அவர் பதறியதில் நியாயம் இருந்தது. ஆனால் எதைத் தூக்கி எறிவது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இளைஞர் வைஃபை ரவுட்டரைச் சந்தேகித்தார். அடுத்த கட்டிடத்து மாடியில் இருக்கும் செல்போன் கோபுரம்தான் என்பது உரிமையாளர் கட்சி. கோபுரங்கள் இயங்குவது வேறு அலைவரிசைகளில் என்பதால் அதை நான் பட்டியலின் கடைசியில் வைத்தேன். ரவுட்டரை அப்படி ஒதுக்க முடியாது, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்கியது.

முதலில் செய்தது, ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னது. குறை வந்த நேரம், அப்போது கணினியில் என்ன நடந்துகொண்டிருந்தது, எந்த எழுத்து. இளைஞர் அதை ஒழுங்காகச் செய்தார். இரண்டாவது வாரத்திலேயே ஒரு வரிசை தெரிந்தது: காலையில் அநேகமாகக் குறை இல்லை, மாலை நான்கு மணிக்கு மேல் மிகுதி, சனிக்கிழமை அலுவலகம் நடந்தால் நாள் முழுக்க. டோக்கன் வேலைகள் ஓய்ந்த பிறகு, ஸ்கேன் செய்த ஆவணங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கும் நேரம் அது. அந்த டிஸ்க்கும், அதைச் செருகிய புதிய சிபியு பெட்டியும் உரிமையாளர் மேசைக்கு வந்து அதிக நாளாகவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

ரவுட்டரை அணைத்தோம். கண்ணில் படும் மாற்றம் எதுவும் இல்லை.

இளைஞரின் தொகுப்பை ரிசீவரோடு உரிமையாளர் கணினிக்கும், அவருடையதை இளைஞர் கணினிக்கும் மாற்றினோம். பழுதானது என்று எறியப்படவிருந்த தொகுப்பு இளைஞரின் கணினியில் ஒரு எழுத்தும் பிசகாமல் வேலை செய்தது. நன்றாக இருந்த தொகுப்போ உரிமையாளர் கணினியில் இன்னும் மோசமாகத் தடுமாறியது. குறை தொகுப்போடு போகவில்லை, கணினியோடு நின்றுவிட்டது.

அடுத்து டிஸ்க்கைக் கழற்றினோம். தடுமாற்றம் நின்றது. மறுபடி செருகி, பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுக்க விட்டு, நோட்பேடில் ஒன்று என்ற இலக்கத்தை வரிசையாகத் தட்டச் சொன்னேன். இலக்கங்கள் சீராக விழுந்து, இடையில் ஒரு பள்ளம் விட்டு, திடீரென்று ஒரு கொத்தாகக் கொட்டி, மறுபடி நின்றன. உரிமையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஏன் அப்படி

புதிய சிபியு பெட்டியின் பின்பக்கத்து நீல நிற யூஎஸ்பி துளைகள் 3.0 வகை. அவற்றில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம் எழுப்பும் மின்காந்த இரைச்சல் அகன்ற அலைவரிசையில் பரவுவது, 2.4 கிகாஹெர்ட்ஸும் அதற்குள் அடங்கும். இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. கம்பியில்லா மவுஸின் ரிசீவரை யூஎஸ்பி 3.0 சாதனத்துக்குப் பக்கத்தில் செருகினால் மவுஸ் தடுமாறும் என்று அதில் சோதனையோடு காட்டியிருக்கிறார்கள்.

இங்கே ரிசீவரும் டிஸ்க்கின் கேபிளும் அடுத்தடுத்த துளைகளில் இருந்தன. விசைப்பலகையோ மேசைக்கு மேலே. இடையில் தகரப் பெட்டி, மரப்பலகை, கோப்புக் கட்டுகள். விசைப்பலகை அனுப்பும் அலையின் வலு மிகச் சொற்பம். காதருகே மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க, வாசலில் நின்று ஒருவர் மெல்லக் கூப்பிடுவது போன்ற நிலை. கூப்பிட்டது காதில் விழாவிட்டால் எழுத்து விழாது. விரலை எடுத்தேன் என்ற செய்தி விழாவிட்டால், விசை இன்னும் அழுந்தியே இருக்கிறது என்று கணினி எண்ணி, அதே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும். விழாத எழுத்துக்கும் விடாத எழுத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

எடுத்த முடிவு

புதுத் தொகுப்பு வாங்கினாலும் இதே கணினியில் இதே கதைதான் என்பது மாற்றிப் பார்த்ததில் தெளிவாகிவிட்டது. டிஸ்க்கை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. பத்திர நகல்களுக்கு வேறு காப்பு இல்லை. ஆகவே ரிசீவரை இடம் மாற்றினோம். ஒரு மீட்டர் நீள யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி, 2.0 வகைக் கறுப்புத் துளையில் செருகி, மறுமுனையில் ரிசீவரைப் போட்டு, திரையின் காலில் ஒட்டினோம். இப்போது விசைப்பலகைக்கும் ரிசீவருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. டிஸ்க், சிபியு பெட்டியின் மறுகோடித் துளைக்குப் போயிற்று. ரவுட்டரில் கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது கூடுதல் முன்னெச்சரிக்கை. அதனால் பலன் இருந்ததா என்று தனியாகச் சோதிக்கவில்லை.

இதோடு அலுவலக நடைமுறையிலும் ஒன்றைச் சேர்த்தார் உரிமையாளர். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, ஆதார் எண் ஆகியவற்றை ஒருவர் தாய்ப் பத்திரத்திலிருந்தும் அசல் அட்டையிலிருந்தும் உரக்கப் படிக்க, இன்னொருவர் வரைவில் சரிபார்க்க வேண்டும். இது எந்த விசைப்பலகையாக இருந்தாலும் வேண்டிய ஒன்று. இத்தனை நாள் இல்லாமல் இருந்ததுதான் எனக்கு வியப்பு.

பிறகு நடந்தவை

தடுமாற்றம் நின்றது. ஒரே ஒருமுறை திரும்பி வந்தது. தூசி தட்டச் சிபியு பெட்டியை எடுத்துப் போன பையன், திருப்பிக் கொண்டுவந்தபோது நீட்டிப்பு கேபிளைத் தேவையில்லாத வயர் என்று சுருட்டி வைத்துவிட்டு, ரிசீவரைப் பின்பக்கமே செருகிவிட்டான். இந்த முறை இளைஞரே கண்டுபிடித்துச் சரிசெய்தார். கேபிளில் இப்போது 'கழற்றாதே' என்று ஒட்டியிருக்கிறது.

இதற்கிடையில் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் எழுந்தது. 2016இல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சில கம்பியில்லாத் தொகுப்புகளின் ரிசீவருக்குத் தொலைவிலிருந்தே போலியான விசையழுத்தங்களை அனுப்ப முடியும் என்று காட்டினார்கள். அதே ஆண்டில், வேறு சில மலிவான விசைப்பலகைகள் எழுத்துகளை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றுவது) இல்லாமலே அனுப்புவதால் ஒட்டுக்கேட்க முடியும் என்றும் காட்டினார்கள். உரிமையாளர் தொகுப்பின் பெட்டியில் 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கம் என்று அச்சிட்டிருந்தது. இளைஞர் தொகுப்பின் பெட்டி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிறிய ஊரில் யார் வந்து ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று சிரித்தார்கள். இருந்தாலும் ஊராரின் ஆதார் எண்ணும் பான் எண்ணும் புழங்கும் இடம். துறைத் தளத்தின் கடவுச்சொல், வங்கி வேலை இரண்டையும் அம்மாளின் வயருள்ள விசைப்பலகையில் மட்டும் செய்வது என்று முடிவாயிற்று. அம்மாள் இதைப் பல நாள் சொல்லிக் காட்டினார்.

2023இல் உரிமையாளரின் மவுஸ் ஒரு சொடுக்கை இரண்டாக எண்ணத் தொடங்கியது. தேர்ந்தெடுக்க நினைத்த கோப்பு திறந்துகொண்டது. இழுத்துப் போக நினைத்தது பாதி வழியில் நழுவியது. இந்த முறை அலையின் மேல் குற்றமில்லை, இதே மவுஸ் எல்லாக் கணினியிலும் இரட்டித்தது. இடப் பொத்தானின் அடியில் இருக்கும் நுண்சுவிட்சின் செப்புத் தகடு தளர்ந்து, தொடும் முனையில் ஆக்சைடு படிவதால் வரும் முதுமைக் கோளாறு அது. செல் செலவைக் குறைக்க மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்குவதால், படிந்த படலத்தை எரித்துப் போக்கும் வலுவும் இருப்பதில்லை.

தனி மவுஸ் வாங்கினால் இன்னொரு ரிசீவர் செருக வேண்டும். பழைய சாமான் பெட்டியில் ஒரு வயர் மவுஸ் கிடந்தது. அதன் வலப் பொத்தானின் சுவிட்ச் அதிகம் உழைக்காதது, மூன்று கால்களும் அதே இடைவெளியில் இருந்தன. ஈயம் உருக்கி அதைக் கழற்றி இதில் வைத்தேன். அடிப்பக்க வழுக்குப் பட்டையை உரித்தால்தான் மவுஸின் திருகாணி தெரியும். உரித்த பட்டை மறுபடி சரியாக ஒட்டாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இளைஞரின் தொகுப்பு முடிந்த விதம் வேறு. 2024 பொங்கலுக்கு அலுவலகத்தில் வெள்ளையடித்தார்கள். கணினிகளைக் கழற்றி, மூட்டை கட்டி, பிறகு மாட்டினார்கள். விரல்நுனி அளவே இருந்த ரிசீவரைக் காணவில்லை. குப்பையோடு பெருக்கிப் போயிருக்க வேண்டும். விசைப்பலகையில் ஒரு விசைகூடப் பழுதில்லை, மவுஸும் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அந்த வகையில் தொழிற்சாலையில் இணைத்த ரிசீவர் தவிர வேறெதுவும் பேசாது, தனியாகவும் கிடைக்காது. நல்ல நிலையில் இருந்த இரண்டு பொருள்கள் மின்கழிவாயின. ஐந்து ஆண்டுகளில் எனக்கு மிகவும் மனத்தாங்கல் தந்தது இதுதான். இளைஞருக்கு வயருள்ள விசைப்பலகை வந்தது. அதில் தமிழ்99 எழுத்து ஒட்டிகளை மறுபடி ஒட்டவில்லை. பழையதில் வியர்வை பட்டு அவை நகர்ந்து நகர்ந்து பக்கத்து விசைக்குப் போனதும், அவர் பார்க்காமலே அடிக்கக் கற்றுக்கொண்டதும் காரணம்.

மறுபடி செய்தால்

நீட்டிப்பு கேபிளை முதல் நாளே போடுவேன். செலவு நூறு, நூற்றைம்பது ரூபாய். அலுவலகத்தை ஒரு வாரத்துக்கு மேல் பூட்டினால் செல்லைக் கழற்றச் சொல்வேன். வாங்கும்போது விலைக்கும் தோற்றத்துக்கும் முன்னால் மூன்றைப் பார்ப்பேன்: ரிசீவர் தொலைந்தால் மாற்று கிடைக்குமா, அதை வைக்க மவுஸின் அடியில் குழி இருக்கிறதா, மறையாக்கம் பற்றிப் பெட்டியில் எழுதியிருக்கிறதா. லாஜிடெக் 2009இல் கொண்டுவந்த யூனிஃபையிங் போன்ற முறையில், ஒரு ரிசீவரோடு ஆறு சாதனங்கள் வரை நாமே இணைத்துக்கொள்ளலாம். ரிசீவர் தொலைந்தாலும் வேறொன்றை வாங்கி இணைத்துவிடலாம். அந்த வசதி இளைஞரின் தொகுப்பில் இருந்திருந்தால் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லா மேசைக்கும் கம்பியில்லாதது வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டேன். விசைப்பலகையை நகர்த்தும் தேவை இருந்தது உரிமையாளர் மேசைக்கு மட்டுமே; இளைஞர் தன்னுடையதை ஓரங்குலம்கூட நகர்த்தியதில்லை.

உரிமையாளரின் தொகுப்பு இப்போதும் ஓடுகிறது. 'ஏ', 'எஸ்', 'என்' விசைகளின் எழுத்து முழுதும் அழிந்துவிட்டது, இடைவெளிப் பட்டையின் நடுப்பகுதி பளபளக்கிறது. அண்மையில் நான்காவது கணினி வாங்கியபோது, அதற்கும் கம்பியில்லாத் தொகுப்பு போடலாமா என்று கேட்டார். விசைப்பலகையை வயருள்ளதாகவும் மவுஸை மட்டும் கம்பியில்லாததாகவும் வாங்கச் சொன்னேன். ரிசீவர் முன்பக்கத்துக் கறுப்புத் துளையில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, மறுநுனியைத் திரையின் காலில் முடிந்து வைத்திருக்கிறார் அம்மாள்.